தனி நேர்காணலா, குழு உரையாடலா?

கூடலூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களுக்குக் கள ஆய்வுக்குக் கிளம்பும் மாணவர்களுக்கு.

நேரம்: குழு என்றால் 6 முதல் 10 பேரை ஒரே அமர்வில் கேட்டுவிடலாம். தனி நேர்காணலுக்கு ஆளாளுக்கு அலையணும். மழைக்காலத்தில் பஸ் வேறு காலை வாரும்.

எழுத்தாக்கம் (ஒலிப்பதிவைக் கேட்டு எழுதுவது): தனிக்குரல் சுலபம். குழுவில் யார் பேசினார் என்று பிரிப்பதற்குள் தலை சுற்றும்.

மனம்விட்டுப் பேசுவது: வித்தியாசமே இதில்தான். மலையகத் தமிழர்களின் குடியுரிமை பற்றி இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த கதையைக் குழுவில் கேளுங்கள். ஒருவர் விட்டதை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். ஆனால் கூலி, கடன், வீட்டுக்காரர் குடி? மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது எந்த அக்கா வாய் திறப்பார்? இலை எடை போட்டு முடிந்ததும், லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில், தனியாகத்தான்.

ஊர் வரலாற்றுக்குக் குழு, சொந்த வாழ்க்கைக்குத் தனி. குழுதான் என்றால் ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே கூட்டுங்கள்.