ஜீபிஃப், பல ஆண்டுப் பாவனைக்குப் பின்: எழுவான்கரையா படுவான்கரையா என்று சொல்லாத புள்ளிகள்

அக்கரைப்பற்றில் உயிரியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர், தம் பட்டப்படிப்புக் காலத்தில் வாவியோரத்தில் சேர்த்த தாவரப் பதிவுகள் இன்னும் கணினியில் கிடக்கின்றன என்றும், அவற்றை 'ஜீபிஃப்' எனப்படும் உலக உயிர்ப்பல்வகைமைத் தகவல் தளத்தில் சேர்ப்பதால் யாருக்காவது பயன் உண்டா என்றும் கேட்டிருந்தார். ஆம், இல்லை என்று ஒரு வரியில் பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்தத் தளத்திலிருந்து ஆண்டுக்கணக்காகத் தரவு எடுத்தும், கொஞ்சம் கொடுத்தும் வருபவன் என்ற வகையில் எனக்கு ஒரு தீராத மனத்தாங்கல் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு பதில் சொல்ல மனம் வரவில்லை.

தளத்தின் அடிப்படை விவரங்கள் இதை வாசிப்போருக்குப் புதியவை அல்ல: 2001ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது, செயலகம் கோப்பன்ஹேகனில் உள்ளது, எந்த உயிரினம் எந்த இடத்தில் எந்தத் திகதியில் காணப்பட்டது என்ற பதிவுகள் 300 கோடிக்கு மேல் அதில் உள்ளன, எவரும் கட்டணமின்றி எடுக்கலாம். நான் அதை அதிகம் நாடுவது ஆற்றுவாழைக்காக, அதாவது ஆகாயத்தாமரை என்றும் சொல்லப்படும் மிதக்கும் நீர்ச்செடிக்காக. மாரியில் கிட்டங்கிப் பாலத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் அதே ஆற்றுவாழைதான். தென் அமெரிக்காவிலிருந்து அலங்காரச் செடியாக வந்து சேர்ந்து, 1909இல் தன்னை ஒழிப்பதற்கென்றே ஒரு கட்டளைச் சட்டம் இயற்றவைத்த செடி. அது நன்னீரில் பெருகும், உவர் ஏறினால் வாடும். ஆகவே மட்டக்களப்பு வாவியின் எப்பகுதியில் அது பதிவாகியிருக்கிறது என்பது, அந்தப் பருவத்தில் கடல்நீர் எவ்வளவு தூரம் உள்ளே ஏறியிருந்தது என்பதற்கும் ஒரு சான்று. பாலமீன்மடுவிலோ கல்லாற்றிலோ முகத்துவாரம் திறப்பதற்கு முன்பா பின்பா, வாவியின் எந்தக் கரையில், எந்த வாய்க்கால் வந்து விழும் இடத்துக்கு அருகில் என்பவை தெரிந்தால்தான் ஒரு பதிவு எனக்கு உதவும்.

மனத்தாங்கல் தொடங்கும் இடம் இதுதான். ஜீபிஃப் பதிவுகள் 'டார்வின் கோர்' என்ற பொது அமைப்பில் வருகின்றன. அகலாங்கு, நெட்டாங்கு ஆகிய நிரல்களோடு அதில் இன்னொரு நிரலும் உண்டு: தரப்பட்ட ஆள்கூறு எத்தனை மீற்றர் வரை பிசகக்கூடும் என்பதைப் பதிவிட்டவர் சொல்ல வேண்டிய 'நிச்சயமின்மை' நிரல். அதை நிரப்புமாறு அழுத்தமாகப் பரிந்துரைக்கிறார்கள், கட்டாயம் இல்லை. நம் பகுதிக்கான பதிவுகளைப் பதிவிறக்கி, அந்த நிரலை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு போனால், வெற்றுக் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும்.

பெருங்காட்டின் நடுவே ஐந்து கிலோமீற்றர் பிசகினாலும் அது காடாகவே இருக்கலாம். இங்கே அப்படியில்லை. அகலாங்கு 7.7, நெட்டாங்கு 81.7 என்று ஒரேயொரு தசமதானத்துடன் தரப்பட்ட பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாகையின் பத்தில் ஒரு பங்கு இங்கே ஏறத்தாழ 11 கிலோமீற்றர். ஆகவே அந்தச் செடியோ பறவையோ உண்மையில் அந்தப் புள்ளிக்குக் கிழக்கிலோ மேற்கிலோ ஐந்தரைக் கிலோமீற்றருக்குள் எங்கும் இருந்திருக்கலாம். வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், மேற்கே வவுணதீவுப் பக்கத்து வயல்களும், நடுவில் வாவியும் புளியந்தீவும், கிழக்கே கல்லடி மணலும், அதற்கும் அப்பால் கடலும் அந்த எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. உவர், நன்னீர், சேறு, மணல் எல்லாவற்றுக்கும் ஒரே புள்ளி. வாவிக்குக் கிழக்கே சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, மேற்கே அது படும் பக்கம் படுவான்கரை; எது எழுவான்கரை, எது படுவான்கரை என்பது இவ்வூர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகுமுன்பே அறிந்துகொள்ளும் புவியியல். இத்தனை கோடிப் பதிவுகளைச் சேர்த்துவைத்த களஞ்சியத்திடம் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் விடையில்லை.

வெளிப்படையான பிழைகள் என்னைக் கோபப்படுத்துவதில்லை. அகலாங்கும் நெட்டாங்கும் இடம் மாறிவிட்டால் மட்டக்களப்புக் கொக்கு ஸ்வால்பார்ட் தீவுகளுக்கும் வடக்கே ஆர்க்டிக் பெருங்கடலில் போய் நிற்கும். அத்தகைய பிறழ்வுகளைத் தளத்தின் மென்பொருளே பிடித்து, எண்கள் மாறியிருக்கலாம் என்று குறிப்பு இட்டுவிடுகிறது. தொல்லை கொடுப்பவை ஒழுங்கானவைபோல் தோன்றும் எண்கள். பழைய குறிப்பேட்டில் 7 பாகை 43 கலை என்று இருந்ததை யாரோ 7.7166667 என்று மாற்றி எழுதியவுடன், அது சென்ரிமீற்றர் வரை அளந்த எண்ணைப்போல் காட்சியளிக்கத் தொடங்குகிறது. உண்மையில் ஒரு கலை, அதாவது பாகையின் அறுபதில் ஒரு பங்கு, ஏறத்தாழ 1.85 கிலோமீற்றர், வாவியின் பல இடங்களில் அதற்குள் கரையே மாறிவிடும். 66667 என்றோ 33333 என்றோ முடியும் ஆள்கூறுகளைத் தனியே பிரித்துவைப்பது இப்போது என் வழக்கமாகிவிட்டது. பதிவிட்டவர் பக்கத்து நிரலில் 2,000 என்று நான்கு இலக்கங்களைத் தட்டியிருந்தால் இந்தத் துப்பறிதலுக்குத் தேவையே இருந்திராது.

பழைய மாதிரிகளின் கதை இன்னும் சிக்கலானது. சேகரிப்புத் தாளில் 'மட்டக்களப்பு மாவட்டம்' என்பதற்கு மேல் எதுவும் எழுதியிருக்காது. அம்பாறை மாவட்டம் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது 1961இல். அதற்கு முன்னர் சேர்க்கப்பட்ட செடி பொத்துவிலில் பறிக்கப்பட்டதாகவும் இருக்கலாம். பொத்துவிலுக்கும் மட்டக்களப்பு நகருக்கும் இடையே நேர்கோட்டில் பார்த்தாலே 90 கிலோமீற்றருக்கு மேல். ஆனால் எங்கோ ஒரு நாட்டு நூதனசாலையில் அந்தத் தாளை எண்ணிமப்படுத்தும் உதவியாளர், இன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் நடுவில் ஒரு புள்ளியைக் குத்திவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது; கிழக்கிலங்கையின் நிர்வாக வரலாறு அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. நிச்சயமின்மை நிரலில் 100,000 என்று எழுதியிருந்தால் நான் அந்தப் பதிவை வாவி ஆய்வுக்கு எடுக்காமல், இனம் இந்தக் கரையோரத்தில் இருந்தது என்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு பெரிய எண்ணை எழுதுவது தம் சேகரிப்புக்கு இழுக்கு என்று நினைக்கிறார்களோ என்னவோ.

இதனால்தான், பொதுமக்கள் தாம் கண்ட உயிரினங்களைப் பதியும் 'ஐநேச்சுரலிஸ்ட்' தளத்தின் வழியாக வந்து சேரும் மறைப்புப் புள்ளிகளோடு எனக்குச் சண்டை எதுவும் இல்லை. அருகிவரும் பல இனங்களின் சரியான இடத்தை வேட்டைக்காரருக்கும் பிடித்து விற்போருக்கும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக, அத்தளம் புள்ளியை 0.2 பாகை அகலமுள்ள ஒரு சதுரத்துக்குள், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீற்றர் பரப்புக்குள், எழுமாறாக நகர்த்திவிடுகிறது. நமது ஒடுங்கிய கரையோரத்தில் அதன் விளைவாகத் தரைப் பிராணி கடலில் நிற்பதும் உண்டு. ஆனால் மறைத்திருக்கிறோம் என்று அறிவித்து, நிச்சயமின்மையையும் பல்லாயிரம் மீற்றர் என்று நிரப்பியே அனுப்புகிறார்கள். என்ன செய்திருக்கிறார்கள் என்பது எடுப்பவனுக்குத் தெரிகிறது. மறைக்க வேண்டிய அவசியமும் இல்லாமல், சொல்லவும் செய்யாமல் விடப்பட்ட கட்டங்கள்தான் என் பொறுமையைச் சோதிக்கின்றன.

கட்டாயமாக்கினால் தரவு தருவோர் விலகிவிடுவார்கள் என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சம்பளமின்றிப் பறவை பார்ப்பவரிடமும், மூன்று பேர் கடமையாற்றும் உலர்தாவரக் காப்பகத்திடமும் எத்தனை நிரல்களைத்தான் கேட்பது? ஆயினும் உயிரியலாளர் மனம்வைத்து இதைவிடப் பெரிய காரியங்களைச் செய்திருக்கிறார்கள். 1996இல் பெர்முடாவில் கூடிய மனித மரபணுத்தொகைத் திட்டத்தினர், வரிசைப்படுத்திய தரவை 24 மணித்தியாலத்துக்குள் பொதுவில் வெளியிடுவது என்று உடன்பட்டார்கள். 'மார்ச்1', 'செப்ட்1' போன்ற மரபணுக் குறியீடுகளை எக்செல் திகதிகளாக மாற்றிக் கெடுத்துவந்தபோது, மென்பொருள் திருந்தும் என்று காத்திராமல், மரபணுப் பெயரிடல் குழு குறியீடுகளையே மாற்றி 2020இல் அறிவித்தது. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய இடங்களில் இருந்துகொண்டு நாள்தோறும் தரவைப் பரிமாறிக்கொள்ளும் மூன்று மரபணு வரிசைக் களஞ்சியங்களும், மாதிரி சேகரிக்கப்பட்ட நாட்டையும் திகதியையும், அல்லது அவை இல்லாததற்கான காரணத்தை, புதிய பதிவுகளுக்குக் கேட்கத் தொடங்கியுள்ளன. 'இலங்கை' என்ற ஒரு சொல்லால் என் வாவிக்கு ஆவது எதுவுமில்லை. இருந்தாலும், தெரியாது என்பதைக்கூட எழுதித்தான் ஆக வேண்டும் என்ற ஒழுங்கு அங்கே வந்துவிட்டது. ஜீபிஃப்பிலும் அது வர வேண்டும் என்று கேட்பது அளவு மீறிய ஆசையாக எனக்குத் தோன்றவில்லை. 2016இல் வெளியான 'ஃபெயர்' கோட்பாடுகள் தரவு கண்டறியத்தக்கதாக, அணுகத்தக்கதாக, பிறவற்றோடு இணைந்து இயங்கத்தக்கதாக, மீளப் பயன்படுத்தத்தக்கதாக இருக்க வேண்டும் என்கின்றன. முதல் மூன்றிலும் இத்தளத்துக்கு நான் தாராளமாகப் புள்ளி போடுவேன். நான்காவது இந்த ஒரு நிரலில் வந்து தடக்கி விழுகிறது.

இவ்வளவு குறை சொல்பவன் ஏன் விட்டுப் போகவில்லை என்று கேட்டால், போக இடமில்லை என்பது பாதிப் பதில். ஆய்வுக் கட்டுரைகளின் அடியில் 'வேண்டுகோளின் பேரில் தரவு வழங்கப்படும்' என்று எழுதியிருப்பதை நம்பி மின்னஞ்சல் அனுப்பியவர்களுக்கு அந்த வேதனை தெரியும். 2022இல் வெளியான ஓர் ஆய்வு, தரவைத் தருவோம் என்று அறிவித்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் உண்மையாகவே கேட்டுப் பார்த்தது. 93 வீதமானோர் பதில் எழுதவில்லை அல்லது மறுத்துவிட்டனர். ஜீபிஃப்பில் கேட்க வேண்டியதில்லை, காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தரவுத்தொகுதியும் மூன்று உரிமங்களில் ஒன்றின் கீழ்தான் வரும்: நிபந்தனையே அற்றது, பெயரைக் குறிப்பிட்டால் போதுமானது, பெயரைக் குறிப்பிட்டு வணிக நோக்கின்றிப் பயன்படுத்த வேண்டியது. எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று ஊகிக்கும் வேலை இல்லை. ஆற்றுவாழையின் தாவரவியல் பெயர் ஐக்கோர்னியாவிலிருந்து பொன்டெடேரியாவுக்கு மாறிய பின்னரும், எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே இனத்தின் பதிவுகள் வந்து சேர்கின்றன. இதன் அருமை, பழைய பெயர்ப் பட்டியல்களோடு மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் புரியும்.

எதிர்பாராத மகிழ்ச்சி மற்றப் பக்கத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு பதிவிறக்கத்துக்கும் தளம் ஒரு டிஓஐ, அதாவது மேற்கோள் காட்டுவதற்கான நிலையான அடையாள இலக்கம், வழங்குகிறது. அந்த இலக்கத்தை ஒருவர் தம் கட்டுரையில் மேற்கோள் காட்டினால், அந்தப் பதிவிறக்கத்துக்குள் இருந்த தரவுத்தொகுதிகள் அனைத்துக்கும், சிறியது பெரியது என்று பாராமல், கணக்கு ஏறுகிறது. நாங்கள் சேர்த்த சிறு தொகுதியின் பக்கத்தைத் தற்செயலாகத் திறந்தபோது, நாம் கேள்விப்பட்டிராத ஊர்களில் இருந்து கட்டுரைகள் அதைச் சுட்டியிருப்பதைக் கண்டேன். வாவிச் சேற்றில் முழங்கால் புதைய நின்று உள்ளான்களை எண்ணிய மாணவர்களுக்கு இதைக் காட்டியபோது அவர்கள் அடைந்த பெருமிதம், எந்தச் சான்றிதழாலும் வந்திராது. இடத்தின் பெயரைச் சேகரித்தவர் எழுதியபடியே இடுவதற்கு ஒரு நிரல் இருப்பதும், அதில் 'படுவான்கரை, வவுணதீவு, வயல் வரம்போரம்' என்று தமிழிலேயே எழுதி அனுப்பியது ஓர் எழுத்தும் சிதையாமல் வெளியாகியிருப்பதும் எனக்குத் தனிப்பட்ட திருப்தி. எல்லோரும் அந்த நிரலை அப்படிப் பயன்படுத்தினால் என் புலம்பலில் பாதி நின்றுவிடும்.

நடைமுறையைப் பற்றி நண்பருக்கு ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். தனி ஆளாக ஜீபிஃப்பில் நேரடியாகப் பதிவேற்ற முடியாது. ஒரு நிறுவனம் வெளியீட்டாளராகப் பதிவுசெய்து ஒப்புதல் பெற வேண்டும். வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ உள்ள பல்கலைக்கழகத் துறையொன்றின் வழியாகப் போவது பொருத்தமாக இருக்கும். அதற்குள் அவசரம் என்றால், செர்ன் ஆய்வுக்கூடம் 2013இல் தொடங்கிய 'ஸெனோடோ' களஞ்சியத்தில் கட்டணமின்றி வைத்து டிஓஐ பெற்றுக்கொள்ளலாம், ஆனால் அங்கே வைத்த கோப்பு தானாக ஜீபிஃப் வரைபடத்தில் தோன்றாது. ஜீபிஃப்பிலிருந்து எடுக்கும் கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறக்க வேண்டாம். நிரல்களைப் பிரிப்பது கமா அல்ல, டாப், அதோடு தமிழ் எழுத்துகள் பூச்சி பூச்சியாகத் தெரியும். தரவு இறக்குமதி வழியாக யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையைத் தெரிவுசெய்து திறந்தால் எல்லாம் ஒழுங்காக வரும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்தில் இரண்டுதான் தருவேன். மேலே எழுதிய பாராட்டுகளைக் கூட்டினால் நான்கு வர வேண்டும் என்பது எனக்கும் தெரிகிறது. நேற்றிரவு முழுவதும் கடலுக்குள் மிதக்கும் ஆற்றுவாழைப் புள்ளிகளை வரைபடத்திலிருந்து நீக்கிக்கொண்டிருந்தவனிடம் நான்கை எதிர்பார்ப்பது நியாயமில்லை. நண்பர் தம் பதிவுகளைச் சேர்க்கத்தான் வேண்டும். கரையோரத் தாவரங்களுக்கு இங்கே உள்ள பதிவுகள் மிகக் குறைவு, அவருடைய கோப்பு கணினியோடு சேர்ந்து அழிந்துபோனால் அதை மீண்டும் யாராலும் எடுக்க முடியாது. ஜீபிஎஸ் கருவியில் எடுத்த நிரைகளுக்கு 30 மீற்றர் என்றும், கிராமத்தின் பெயரை மட்டும் கொண்டு புள்ளி குறித்தவற்றுக்கு அந்தக் கிராமத்தின் பரப்புக்கு ஏற்ப 2,000 அல்லது 3,000 என்றும் எழுதட்டும். எதுவும் நினைவில்லாத நிரைகளுக்கு ஆள்கூற்றை விட்டுவிட்டு ஊர்ப் பெயரை மட்டும் கொடுக்கட்டும். பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் வரச் சில வாரங்கள் ஆகலாம்; அதற்குள் கோப்பை எனக்கு அனுப்பினால் அந்த ஒரு நிரலை நானே உட்கார்ந்து சரிபார்த்துத் தருகிறேன்.