அறுத்துச் சுருக்கிய ஹாமண்ட் எல்-100: கொங்கு மேடைகளுக்குத் தாங்குமா?

ஹாமண்ட் எல்-100, 1961 முதல் 1972 வரை வந்த வீட்டு ஆர்கன். 44 கட்டை கொண்ட கீபோர்டு இரண்டு, 13 கால் பெடல், வால்வு ஆம்ப், ஸ்பிரிங் ரிவெர்ப், ஸ்பீக்கர், எல்லாம் ஒரே மரப்பெட்டிக்குள். எடை 100 கிலோ பக்கம். பெஞ்சும் பெடலும் சேர்ந்தால் 190 கிலோவைத் தாண்டும் பி-3யோடு (ஹாமண்டின் பெரிய ஆர்கன்) பார்த்தால் இது இளைத்ததுதான். ஆனாலும் கோபியிலோ பொள்ளாச்சியிலோ ஐந்தடி உயரத் திருவிழா மேடைக்கு ஏற்ற நாலு பேர் வேண்டும். அதனால்தான் கீழ்க் கீபோர்டுக்கு அடியில் பெட்டியை அறுத்து, மேல்பாதியைத் தனிப் பெட்டியாகவும் ஆம்பைத் தனிப் பெட்டியாகவும் ஆக்குகிறார்கள். வாசிப்பவர்கள் இதை ‘சாப்’ என்பார்கள். அப்படி மாற்றிய எல்-100 நம் ஊர் மேடையில் எப்படி நிற்கிறது, காசை எங்கே போடலாம் என்பதற்கே இந்த மதிப்பீடு.

மரவேலைக்கும் வெல்டிங்குக்கும் கோவையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. இந்த வாத்தியத்தைக் கவிழ்ப்பது கரண்ட். பலர் பாலிஷுக்கும் கைப்பிடிக்கும் செலவு செய்துவிட்டு, கரண்டைக் கடைசியாகப் பார்க்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

உள்ளே பல் வைத்த இரும்புச் சக்கரங்கள் சுற்றுகின்றன. ஒவ்வொன்றின் எதிரிலும், சுழற்சியை மின் சிக்னலாக்கும் ஒரு காந்தப் பிக்கப். இந்தத் தொகுதிதான் டோன் ஜெனரேட்டர். சக்கரம் சுற்றும் வேகம்தான் சுருதி. அவற்றைச் சுழற்றுவது சிங்க்ரனஸ் மோட்டார். நம் பம்ப்செட் மோட்டார் 3000 சுற்று ஓட வேண்டிய இடத்தில் பளு ஏறியதும் 2880க்கு இறங்குவதை ரீவைண்டிங் கடைக்காரர் யாரும் சொல்வார். ஹாமண்ட் மோட்டார் அப்படி வழுக்காது. ஹெர்ட்ஸ் என்னவோ அதுவே சுற்று. எனவே வோல்டேஜ் ஏறி இறங்கினால் சுருதி மாறாது, ஹெர்ட்ஸ் மாறினால் உடனே மாறும். ஸ்டெபிலைசர் வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பதில் பயனில்லை.

முதலில் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். 117 வோல்ட் 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் அது அமெரிக்க மாடல். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் வோல்டேஜ் சரியாகும், ஹெர்ட்ஸ் 50ஆகவே இருக்கும். சக்கரங்கள் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும். சுருதி மூன்று அரைச்சுரமும் இன்னும் 16 சென்ட்டும் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறங்கும். நாலு கட்டைச் சுருதியை (எஃப்) அழுத்தினால் இரண்டு கட்டைச் சுருதிக்கும் (டி) கொஞ்சம் கீழே ஒலிக்கும். அந்த 16 சென்ட்டால், இடம் மாற்றி வாசித்தும் தப்பிக்க முடியாது. போதாததற்கு 60 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய பவர் டிரான்ஸ்ஃபார்மர் 50இல் கூடுதலாகச் சூடேறும்.

50 ஹெர்ட்ஸ் மாடல் கிடைத்தவர்களுக்கு மின்வாரிய லைனில் கவலையில்லை. நாட்டின் கிரிட் 49.90க்கும் 50.05க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது விதி; அதற்குள் இருந்தால் வித்தியாசம் மூன்று நான்கு சென்ட்டுக்கு மேல் போகாது. ஆபத்து டீசல் ஜென்செட்டில்தான். சீரியல் பல்பும் ஃபோகஸ் லைட்டும் ஒன்றாக ஏறும்போது 48 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் ஆர்கன் 70 சென்ட் கீழே போய்விடும். கிட்டாரும் கீபோர்டும் அதே இடத்தில் நிற்க, ஆர்கன் மட்டும் தனியாகச் சறுக்குவது முன்வரிசைக்கே கேட்கும். 49க்கு இறங்கினாலும் 35 சென்ட். அதுவும் காது பொறுக்காது.

அமெரிக்க மாடலின் சிக்கல், ஜென்செட்டின் சறுக்கல், இரண்டுக்கும் ஒரே மருந்து, ஆர்கனுக்கென்று தனி பேட்டரியும் பியூர் சைன் இன்வெர்ட்டரும். 50/60 மாற்றும் ஸ்விட்ச் உள்ள 110 வோல்ட் வகை அமெரிக்க மாடலுக்கு, 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் வகை மற்றதற்கு. தகட்டில் உள்ள வாட்ஸைப் போல மூன்று மடங்கு திறன் எடுங்கள். மோட்டார் கிளம்பும்போதும் வால்வு சூடேறும்போதும் இழுப்பு அதிகம். உதாரணத்துக்கு 150 வாட்ஸ் இழுக்கும் என்றால், 12 வோல்ட் 100 ஏ.எச். லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதி வரை காலி செய்து மூன்று மணி நேரம் சொச்சம் வாசிக்கலாம். பேட்டரி முனையிலேயே 30 ஆம்பியர் ஃபியூஸ், 6 சதுர மி.மீ. செம்பு ஒயர். சதுர அலை தரும் மலிவான வீட்டு இன்வெர்ட்டரைத் தொடவே வேண்டாம்: மோட்டார் உறுமும், அந்த உறுமல் பிக்கப்பில் ஏறி ஸ்பீக்கர் வரை வரும். நல்ல இன்வெர்ட்டரையும் டோன் ஜெனரேட்டரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி வையுங்கள்.

இனி அறுப்பு. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காத்திருந்தால் மட்டும் போதாது. வால்வு ஆம்பின் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட் அளவுக்கு டி.சி. தங்கியிருக்கும், 10 கிலோ ஓம், 5 வாட்ஸ் ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஒவ்வொரு ஒயருக்கும் இரண்டு முனையிலும் ஒரே எண் ஒட்டிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து கீழ்க் கீபோர்டின் உயரத்தையும் அறுப்பதற்கு முன்பே அளந்து எழுதுங்கள். ஸ்டாண்டு அந்த உயரத்துக்கு வரவில்லையென்றால் ஒரு மணி நேரத்தில் தோள்பட்டை வலிக்கும்.

புதுப்பெட்டிக்கு ஐ.எஸ். 710 மரைன் பிளை. அடித்தட்டு மட்டும் 18 மி.மீ., பக்கமும் மூடியும் 12. முழுக்க 18 போட ஆசாரிகள் விரும்புவார்கள், உறுதி என்று. ஆனால் 18 மி.மீ. பிளை சதுர மீட்டருக்கு 11, 12 கிலோ வரும். மெனக்கெட்டு அறுத்து இறக்கிய எடை திரும்ப ஏறிவிடும். மர ஸ்க்ரூ வேண்டாம், டெம்போ குலுக்கலில் கழன்றுவிடும். டீ-நட்டும் போல்ட்டும், உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டும் போடச் சொல்லுங்கள்.

டோன் ஜெனரேட்டரை அடித்தட்டோடு இறுக்கிப் போல்ட் போடுவதுதான் மிக அதிகமாகக் காணும் தவறு. அது அசைந்து கொடுக்கும் தாங்கலில் நிற்பதற்குக் காரணம் உண்டு. இறுக்கினால் சக்கரங்களின் இரைச்சல் பெட்டி முழுக்கப் பரவும். பழைய தாங்கலை அப்படியே வைத்து, வண்டிப் பயணத்துக்கு மட்டும் பூட்டும் போல்ட் தனியாக வையுங்கள். வாசிக்கும் முன் அதைத் தளர்த்த வேண்டும்.

இரண்டு பெட்டிக்கும் நடுவில் இரண்டு தனி கனெக்டர். ஒன்றில் மின்சாரமும் உயர் வோல்டேஜும், மற்றதில் ஷீல்டு கேபிளில் சிக்னல் மட்டும். உயர் வோல்டேஜை மைக் ஒயருக்குப் போடும் எக்ஸ்.எல்.ஆர். கனெக்டர் வழியாக எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மேடையில் எவரேனும் அதில் மைக் ஒயரைச் செருகினால் உயிருக்கே ஆபத்து. கரண்ட் வரும் பக்கம் எப்போதும் துளையுள்ள முனைதான், ஊசி முனை அல்ல. பழைய இரண்டு ஊசி பிளக்கை எடுத்துவிட்டு எர்த்தோடு மூன்று ஊசி போடுவதும் கட்டாயம்.

ஸ்டாண்டுக்கு எக்ஸ் வடிவக் கீபோர்டு ஸ்டாண்டு தாங்காது. 25×25 சதுரக் குழாய், 2 மி.மீ. தடிமன், மீட்டருக்கு ஒன்றரைக் கிலோவுக்குள்தான் வரும். கணபதியிலோ சிங்காநல்லூரிலோ எந்த வெல்டிங் பட்டறையிலும் மடக்கும் கால்களோடு சுத்தமாகச் செய்துவிடுவார்கள். இந்தப் பகுதியின் இரும்பு வேலைக்கு முழு மதிப்பெண் தரலாம்.

சத்தம்? ஸ்பீக்கரை எடுத்துவிட்டாலும் குணம் போவதில்லை. கட்டை தொடும் ‘டிக்’கும், டிராபாரை (ஒலியின் கலவையை மாற்றும் இழுப்புக் கம்பி) இழுக்கும்போது நிறம் மாறுவதும் அப்படியே இருக்கின்றன. குறை வைப்ரேட்டோவில், அதாவது சுருதியை அசைக்கும் நடுக்கத்தில்: பி-3இல் இருக்கும் சுழலும் ஸ்கேனர் இதில் இல்லை, மின்சுற்று வைப்ரேட்டோதான், மெலிவாக இருக்கும். ஒலியைச் சுழற்றி வெளிவிடும் லெஸ்லி ஸ்பீக்கர் இருந்தால் அந்தக் குறை தெரியாது. அதற்கு மைக் வைக்கும்போது மட்டும், ஜூன் தொடங்கிப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கத் திறந்த மேடைகளில் காற்றுத் தடுப்பு இல்லாமல் வைக்காதீர்கள். கால் பெடலை விட்டுவிடலாம், குழுவில் பாஸ் கிட்டார் இருக்குமே.

ஏற்கெனவே அறுத்த ஆர்கன் விலைக்கு வந்தால் கீபோர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். 1960களின் நடுவிலிருந்து வந்த ஹாமண்டுகளில் உள்ளே வைத்த நுரைப்பட்டை பிசினாக உருகி மெல்லிய ஒயர்களை அரித்திருக்கலாம். அப்படியிருந்தால் பெட்டி எவ்வளவு பளபளத்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அந்த வேலைக்கு வாரக்கணக்காகும். பிறகு ஒவ்வொரு டிராபாரையும் தனித்தனியாக இழுத்து 44 கட்டையையும் வாசித்துப் பார்க்க வேண்டும்.

எண்ணெய் ஹாமண்டுக்கென்று வரும் மெல்லிய எண்ணெய் மட்டும்தான், வருடம் ஒருமுறை. தையல் மெஷின் எண்ணெய் ஊற்றினால் நாளடைவில் பசையாகி, எண்ணெயை ஏந்திச் செல்லும் நூல்களை அடைத்துவிடும். திருப்பூர் பக்கம் பஞ்சுத் தூசி அதிகம் என்பதால் பின்பக்கத்துக்கு நெருக்கமான வலை அடியுங்கள். குட்டியானையில் ஏற்றும்போது படுக்கை வசமாக, ரப்பர் மேட்டின் மேல். இடம் மிச்சம் பிடிக்க நிமிர்த்தி நிறுத்தினால் எண்ணெய் ஒழுகும். இறக்கியதும் பூட்டு போல்ட்டைத் தளர்த்தி, சவுண்ட் செக்குக்குப் பத்து நிமிடம் முன்பே மோட்டாரை ஓடவிடுங்கள்.