ஸ்கிராப் லோடு கேட்டா சாக்லேட் கேக் வந்துச்சு

எச்ஓ ஸ்கேல் மாடல் ரயில்ல (நிஜ ரயில்ல 87-ல ஒரு பங்கு சைஸ்) கொண்டோலா வண்டிக்கு, அதாவது மேல திறந்த சரக்குப் பெட்டிக்கு, ரெடிமேட் ஸ்கிராப் லோடு, பழைய இரும்புக் குவியல் மாதிரி ரெசின்ல வார்த்தது, ஆன்லைன்ல 19 வெள்ளி குடுத்து வாங்கினேன், டெலிவரி தனி. கடை பேர் வேணாம். 52 அடி 6 இஞ்ச் வண்டிக்குன்னு போட்டிருந்துச்சு, 1:87-ல அது 18 சென்டிமீட்டர் சொச்சம், ஆனா வந்தது ரெண்டு மில்லி நீளம் கூட, உள்ள இறங்கவே மாட்டேங்குது. பாத்ரூம்ல உக்காந்து தண்ணி விட்டு விட்டு சேன்ட்பேப்பர் போட்டேன். (ரெசினை காய்ஞ்சபடி தேய்க்காதீங்க, அந்தத் தூள் மூக்குல ஏறக்கூடாது.)

வார்ப்பு சூப்பர், அதுல பொய் சொல்லக்கூடாது. பைப், பீம், நசுங்கின தகடு எல்லாம் தனித்தனியா தெரியுது. வெயிட்டும் ஒரு பிளஸ், என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) கணக்குல எச்ஓ வண்டிக்கு 1 அவுன்ஸ், அது போக இஞ்சுக்கு அரை அவுன்ஸ், அதாவது 7 இஞ்ச் வண்டின்னா 4½ அவுன்ஸ், கிட்டத்தட்ட 128 கிராம் வேணும், வெறும் அலுமினியம் ஃபாயிலை கசக்கிப் போட்டா அதுக்கு பக்கத்துலகூட வராது.

பெயிண்ட்தான் கொடுமை. மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே பிரவுன், சாக்லேட் கேக்கேதான். எங்க புளோக் கீழ வர்ற கரங்குனி (பழைய சாமான் வாங்குற) அங்கிளோட தள்ளுவண்டிய பாருங்க, ஃபேன் வெள்ளையா, ரைஸ் குக்கர் பளபளன்னு, சைக்கிள் பிரேம்ல பச்சை பாதி உரிஞ்சு போயி, துரு அங்கங்கதான் இருக்கும். ரயில்ல ஏத்துற ஸ்கிராப்பும் அப்படித்தான், நேத்து வெட்டினதும் பல வருஷம் மழையில கிடந்ததும் கலந்துதான் கிடக்கும்.

அதனால ரெசினை அடித்தளமா வச்சுக்கிட்டு மேல நானே ஒட்டினேன். ஸ்ப்ரூ துண்டு (மாடல் கிட்ல பார்ட்ஸை வெட்டி எடுத்ததும் மிஞ்சுற பிளாஸ்டிக் சட்டம்), ஒயர் நறுக்கு, கூல்டிரிங்ஸ் டின்ல மெல்லிசா வெட்டின பட்டை, சிலதுல மட்டும் மஞ்சள், நீலம் பெயிண்ட், அப்புறம் தண்ணியா கறுப்பு வாஷ். ஒட்டுறதுக்கு வெள்ளை கம்முல பாதிக்குப் பாதி தண்ணி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு, அவ்ளோதான். நடுவுல ஒரு இரும்பு வாஷரை புதைச்சுட்டா காந்தத்தால லோடை அப்படியே தூக்கிடலாம்.

ஸ்டீல் வுல் மட்டும் வேணாம். நம்ம ஊரு ஈரத்துக்கு வினிகர் தொட்டு ஜன்னல்ல வச்சா தானா துரு பிடிக்குது, ஆசையாத்தான் இருக்கும், ஆனா உதிர்ற இழை தண்டவாளத்துல விழுந்தா மோட்டார் காந்தம் உள்ள இழுத்துக்கும். ஒரு இன்ஜினை அப்படித்தான் கெடுத்தேன்.

5-க்கு 3 ஸ்டார். அதே கடையில பெயிண்ட் அடிக்காதது 12 வெள்ளிக்கு இருக்கு, நான் அப்பவே பாத்திருக்கணும், இப்ப கார்ட்ல ரெண்டு கிடக்கு.