பழைய டிரக்கின் டைமிங் பெல்ட்: கிலோமீட்டர் கணக்கா, வருஷக் கணக்கா?

பழைய பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களிடம், இன்ஜினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டால் நாலு விதமான பதில் வரும். கிலோமீட்டர் கணக்குப்படி என்பார் ஒருவர். வருஷக் கணக்குதான் சரி என்பார் இன்னொருவர். கவரைக் கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றுவேன் என்பவர் உண்டு. அறுகிறபோது பார்த்துக்கொள்ளலாம் என்பவரும் உண்டு. வண்டிக்கு வயது ஏற ஏற, இந்த நாலில் வருஷக் கணக்கைத்தான் நம்ப வேண்டும் என்பது என் முடிவு.

அதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முதலாவது, உங்கள் இன்ஜினில் இருப்பது பெல்ட்தானா? பெரிய லாரி டீசல் இன்ஜின்களில் பெல்ட்டுக்குப் பதிலாகப் பொதுவாகக் கியர்தான் இருக்கும். பிக்கப் வண்டிகளில் சிலவற்றில் செயின், சிலவற்றில் பெல்ட். பழைய டொயோட்டா பிக்கப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 22ஆர் வகை நாலு சிலிண்டர் இன்ஜினுக்குச் செயின். அதே காலத்து 3.0 லிட்டர் வி6 இன்ஜினுக்கு பெல்ட். அதனால் வண்டியின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள், இன்ஜின் எது என்று பாருங்கள்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம்: பெல்ட் அறுந்தால் என்ன ஆகும்? பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது, வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைப் பிடித்து வைத்திருப்பது பெல்ட். அது அறுந்தால் கேம் நின்றுவிடும், கிராங்க் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றும். பிஸ்டனும் திறந்த வால்வும் ஒரே இடத்துக்கு வருகிற இன்டர்ஃபியரன்ஸ் இன்ஜின் என்றால், திறந்தபடி நிற்கிற வால்வில் பிஸ்டன் போய் மோதும். டீசலில் கம்ப்ரஷன் அதிகம், பிஸ்டனுக்கு மேலே இடம் மிகக் குறைவு. அதனால் டீசல்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த வகை. மிட்சுபிஷியின் 4டி56 டீசலில் பெல்ட் போனால், வால்வை அழுத்தித் திறக்கிற ராக்கர்கள் உடைவதும் வால்வு வளைவதும் மெக்கானிக்குகளுக்குப் பழகிய காட்சி. மாறாக, முதல் தலைமுறை டகோமா பிக்கப்பில் வந்த டொயோட்டா 3.4 லிட்டர் வி6 அப்படியில்லை. அறுந்தால் வண்டி நிற்கும்; வேறு கோளாறு இல்லையென்றால் புது பெல்ட் போட்டுக் கிளப்பிவிடலாம்.

இனி கிலோமீட்டர் கணக்கு. பல இன்ஜின்களுக்குக் கம்பெனி சொல்கிற தூரம் சுமார் 1,00,000 முதல் 1,60,000 கிலோமீட்டருக்குள் வரும். மேலே சொன்ன டொயோட்டா 3.4-க்கு 90,000 மைல், அதாவது சுமார் 1,45,000 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் தொடர்ந்து ஓடுகிற வண்டிக்கு இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும்.

பழைய வேலை வண்டிக்குத்தான் இடிக்கிறது. ஓடோமீட்டர் சக்கரம் சுற்றியதை எண்ணுகிறது, பெல்ட் சுற்றியதை எண்ணுவதில்லை. நின்ற இடத்தில் 800 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 800 சுற்றில், ஒரு மணி நேரம் ஓடினால் கிராங்க் 48,000 சுற்று சுற்றியிருக்கும். 2,000 ஆர்பிஎம்மில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி இத்தனை சுற்றுக்கு 32 கிலோமீட்டர் கடந்திருக்கும். தினமும் இரண்டு மணி நேரம் ஐட்லிங்கில் நிற்கிற வண்டியில், மீட்டரில் ஏறாத 64 கிலோமீட்டர் பெல்ட்டில் ஏறுகிறது. சுமை, தூசி, வெப்பம் தனி. கடினமான உபயோகம் என்று கையேட்டில் தனியாகக் குறுகிய தூரம் சொல்லியிருந்தால், வேலை வண்டிக்கு அதுதான் செல்லும்.

பெல்ட் உள்ள டொயோட்டா டீசல்கள் பலவற்றில், மாற்ற வேண்டிய தூரம் வந்ததும் டேஷ்போர்டில் டி-பெல்ட் விளக்கு ஒன்று எரியும். அது பெல்ட்டைப் பார்த்து எரிவதில்லை, ஓடிய தூரத்தை எண்ணி எரிகிறது. பெல்ட்டைத் தொடாமலேயே விளக்கை அணைத்துவிடவும் முடியும். வண்டியை வாங்கும்போது விளக்கு எரியவில்லை என்பதை ஒரு சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வருஷக் கணக்குக்கு வருவோம். கையேட்டில் பெரும்பாலும் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது என்றுதான் இருக்கும். முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இரண்டாவதை விட்டுவிடுகிறோம். வருஷம் பொதுவாக 5 முதல் 10 வரை, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெல்ட்டின் உடம்பு ரப்பர். பழைய வண்டிகளில் நியோபிரீன், பிறகு வந்தவற்றில் எச்என்பிஆர் என்கிற, வெப்பம் தாங்கும் ரப்பர். உள்ளே இழுவையைத் தாங்குவது கண்ணாடி இழைக் கயிறு. வண்டி ஓடாவிட்டாலும் ரப்பர் இறுகும். பதினைந்து வருஷத்தில் 60,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்று சொல்லி விற்கிற வண்டிதான் எனக்கு அதிகம் கவலை தரும். அதில் ஆயில் வெளியே வராமல் அடைக்கிற கேம் சீல், கிராங்க் சீல்களும் அதே வயசுதான். அவை கசிந்து ஆயில் பெல்ட்டில் பட்டால், எத்தனை கிலோமீட்டர் பாக்கி என்ற கணக்கே செல்லாது.

சரி, கவரைத் திறந்து பார்த்தால் தெரியாதா? பாதி தெரியும். விரிசல், ஓரம் பிரிதல், உதிர்ந்த பல், ஆயில் ஈரம் எதுவானாலும் கண்டால் அன்றைக்கே வண்டியை நிறுத்த வேண்டும். ஆனால் பார்க்க நன்றாக இருப்பதால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று ஆகாது. கயிறு உள்ளே இருக்கிறது. எச்என்பிஆர் பெல்ட் வெளியே விரிசல் எதுவும் காட்டாமலே அறுந்துபோகலாம். மேல் கவரைத் திறந்தால் மேல்பகுதிதான் தெரியும். கிராங்க் சீல் கசிகிற கீழ்ப்பகுதி தெரியாது. மாற்ற வேண்டும் என்று முடிவு செய்யத்தான் கண் உதவும், தள்ளிப்போடலாம் என்று சொல்ல உதவாது.

அறுகிறவரை ஓட்டுவது இன்டர்ஃபியரன்ஸ் இன்ஜினில் கூடவே கூடாது. ஹெட்டைக் கழற்றி வால்வு மாற்றுகிற செலவு, பழைய வண்டியின் விலையையே தாண்டிவிடலாம். வண்டியின் ஆயுள் அதோடு முடியும். மோதல் இல்லாத இன்ஜினிலும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இன்ஜின் நின்றதும் பவர் ஸ்டீயரிங் போகும். பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்த பிறகு அதன் துணை விசையும் தீர்ந்துவிடும். சுமையோடு இறக்கத்தில் இருக்கும்போது இது நடந்தால் நிலைமை மோசம். வளாகத்துக்குள்ளேயே மெதுவாக ஓடுகிற வண்டிக்கு வேண்டுமானால் பரவாயில்லை.

அப்புறம் இன்னொரு தேர்வு: பெல்ட் மட்டுமா, இல்லை வாட்டர் பம்ப், டென்ஷனர், ஐட்லர் புல்லி எல்லாம் சேர்ந்த முழு கிட்டா? வாட்டர் பம்ப்பையும் டைமிங் பெல்ட்டே சுழற்றுகிற இன்ஜின் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, கிட்தான். செலவில் பெரும்பகுதி பிரித்து மாட்டுகிற கூலி. பழைய பம்ப் ஆறு மாதத்தில் கசிந்தால் அதே கூலியை மறுபடி கொடுத்து, கூலன்ட்டில் நனைந்த புது பெல்ட்டையும் தூக்கிப்போட வேண்டும். பெல்ட்டை இழுத்துப் பிடிக்கிற டென்ஷனரின், பெல்ட்டுக்கு வழிகாட்டுகிற ஐட்லர் புல்லியின் பேரிங் இறுகினாலும் புது பெல்ட் அறுந்துவிடும். 4டி56 வைத்திருப்பவர்கள், இன்ஜின் அதிர்வைக் குறைக்கிற பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கான சின்ன பெல்ட்டையும் சேர்த்து மாற்றியாக வேண்டும். அது பிய்ந்தால் துண்டுகள் பெரிய பெல்ட்டுக்குள் மாட்டி அதையும் அறுத்துவிடும். கைப்பணம் இறுக்கமாக இருந்தால் பம்ப்பை வேண்டுமானால் சோதித்துப் பார்த்து விட்டுவைக்கலாம். டென்ஷனரையும் கசிகிற சீலையும் விடாதீர்கள்.

பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்ற பழைய கணக்கு எதுவும் இல்லாத வண்டியை வாங்கினால், பெல்ட் கெடு தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள். வேலை செய்பவர் பெல்ட்டை மடக்கி வளைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், கண்ணாடி இழை உள்ளேயே ஒடிந்துவிடும். மாட்டியதும் கிராங்க்கைக் கையால் முழுசாக இரண்டு சுற்றுச் சுற்றி, கிராங்க், கேம் புல்லிகளில் உள்ள குறிகள் மறுபடி நேருக்கு நேர் வருகின்றனவா என்று பார்த்த பிறகுதான் ஸ்டார்ட்டரைத் தொட வேண்டும்.