நெல் காய்ந்த களத்தில் ஆத்தங்குடிக் கல்

எங்கள் வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றின தூண் தாழ்வாரத்தில், தரையில் பதித்த பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் நாலு உடைந்து மூன்று வருஷம் ஆகிறது. நாலே நாலு கல்லுக்காக எந்தப் பட்டறையிலும் அச்சைத் தேடி எடுக்க மாட்டேன் என்கிறார்கள், ஒரு அறைக்காவது ஆர்டர் கொடுங்கள் என்கிறார்கள், அவர்கள் மேலும் தப்பில்லை. காரைக்குடிப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு ரைஸ் மில்லைப் பொதுப் பட்டறையாக மாற்றியிருக்கிறார்கள், நாள் வாடகை கட்டினால் நாமே கல் போட்டுக்கொள்ளலாம் என்று மச்சான் சொன்னான். போன மாதம் இரண்டு தடவை போய் வந்தேன்.

இடத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது. மில்லை இடித்துத் தள்ளாமல் இருந்ததை இருந்தபடியே வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. சிமெண்ட், மணல், வண்ணம், அவ்வளவுதான், அதனால் அதற்கு வேண்டியதெல்லாம் ஊறப்போட ஒரு தொட்டியும் காயவைக்க வெயிலும். ரைஸ் மில்லில் வேறென்ன இருக்கும்? நெல் ஊறிய தொட்டியில் இப்போது கல் ஊறுகிறது, நெல் காய்ந்த களத்தில் கல் காய்கிறது. மூட்டை அடுக்கிய குடோனில் கொட்டான், அதுதான் பனையோலைக் கூடை, முடைகிறார்கள். ஓலை காய்ந்து விறைத்தால் முடையும்போது ஒடிந்துவிடும், அவர்களுக்கு அந்த நிழல்தான் தேவை. “வீட்ல இருந்தா நாலு தடவ எந்திரிக்கணும் தம்பி, இங்கன உக்காந்தா உக்காந்ததுதான்” என்றார் ஒரு ஆத்தா, கையை நிறுத்தாமலே.

இனி கல். அச்சு அலமாரியில் எங்கள் வீட்டுப் பூ இருந்தது, போனில் படத்தைப் பார்த்ததுமே மேஸ்திரி எடுத்துக் கொடுத்துவிட்டார். துடைத்த கண்ணாடி, அதைச் சுற்றி இரும்புச் சட்டம், உள்ளே அச்சு. அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கரைத்த வண்ணச் சிமெண்டைச் சின்னக் கரண்டியால் ஊற்ற வேண்டும். அதுகூடப் பரவாயில்லை, அச்சைத் தூக்குகிற நேரம்தான் கண்டம். என் கை லேசாகச் சாய்ந்ததில் சிவப்பு பச்சைக்குள் கசிந்துவிட்டது. “மூச்சப் புடிச்சுக்கிட்டு நேரா தூக்குங்க தம்பி.” அப்புறம் சிமெண்டும் மணலும் கலந்த உலர் பொடியைத் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, மேலே கலவை போட்டு மட்டம் தட்ட வேண்டும். கண்ணாடியை ஒட்டிய பக்கம்தான் கல்லின் முகம் என்பதால், போடும்போது நாம் பார்ப்பதெல்லாம் முதுகைத்தான். லட்சணம் எல்லாம் ஊறிக் காய்ந்து கண்ணாடி கழன்ற பிறகுதான் தெரியும். ஏழு போட்டதில் நாலு தேறியது.

குறை என்றால் இரண்டு பெரிய குறை. தச்சு வேலையும் கல் வேலையும் ஒரே கூடத்தில், நடுவில் ஒரு சாக்குத் திரை மட்டும். முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கின பழைய தேக்கு நிலை ஒன்றை அந்தப் பக்கம் யாரோ இழைத்துக்கொண்டிருந்தார், தூள் முழுக்க என் கண்ணாடி மேல். தேறின நாலில் ஒன்றில் வெள்ளைப் பூவுக்கு நடுவே எள் மாதிரி ஒரு மரத்துணுக்கு நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. ஓரமாகக் கண்டாங்கித் தறி போடப்போவதாகவும் சொல்கிறார்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கின சேலை, நெய்வதை வெளியாட்கள் உட்கார்ந்து பார்க்க ஓர் இடம் வந்தால் சந்தோஷம்தான், ஆனால் இந்தத் தூளுக்கு ஒரு வழி பண்ணாமல் பாவு கட்டினால் சேலை உருப்படாது.

இரண்டாவது, வாடகைக் கணக்கு. நான் வேலை செய்தது ஒரு நாள், கல் தொட்டியில் கிடந்ததும் களத்தில் காய்ந்ததும் ஒரு வாரம், எல்லா நாளுக்கும் இட வாடகை போட்டுவிட்டார்கள். ஆபீஸ் மேசையை வாடகைக்கு விடுகிற ஆள் யாரோ எழுதின விதி மாதிரி இருக்கிறது. கை வேலையில் பாதி நாள் சும்மா காத்திருப்பதுதானே? கேட்டதற்கு “மாத்தணும் சார்” என்றார்கள். மாற்றட்டும். அது மாறாதவரை, ஒன்றிரண்டு கல்லுக்குப் போகாதீர்கள், வீட்டில் உடைந்ததையெல்லாம் எண்ணிக் கணக்குப் போட்டு ஒரே தடவையாகப் போங்கள்.

டீ உள்ளே கிடைக்காது. தகரக் கூரை, பன்னிரண்டு மணிக்கு மேல் கூடத்தில் நிற்க முடியவில்லை, காலையிலேயே போய்விடுவது நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் களம் நனைந்து கிடக்கும் என்பதால் போன் பண்ணிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

நாலு கல்லும் வளவில் பதித்தாயிற்று. பழசோடு நிறம் சேரவில்லை என்று அம்மா தேங்காயெண்ணெய் தொட்டுத் தொட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். மரத்துணுக்குக் கல்லை மட்டும் தூணுக்குப் பின்னால் வைக்கச் சொல்லிவிட்டேன்.