கன்னங்குறிச்சி வீட்டில் ஒன்பது வருடம்

சேலம் அம்மாப்பேட்டையில் தறிச் சத்தத்துக்கு நடுவே வாடகைக்கு இருந்துவிட்டு, 2016-இல் கன்னங்குறிச்சியில் இந்த வீட்டை வாங்கினோம். 1,200 சதுர அடி மனை, கிழக்குப் பார்த்த வாசல், இரண்டு படுக்கையறை. பங்குனி வெயிலில் வந்து பார்த்தோம், பிடித்துப்போய் முன்பணம் கொடுத்துவிட்டோம். மழைக்காலத்தில் ஒருமுறை வந்து பார்த்திருக்க வேண்டும் என்று என் மனைவி இன்றும் சொல்வார்.

மூன்றாவது ஐப்பசியில் அது புரிந்தது. மொட்டைமாடித் தளத்துக்குச் சரியாக வாட்டம் விடவில்லை. மழைத் தண்ணீர் குழாய்ப் பக்கம் போகாமல் ஒரு மூலையில் தேங்கி, கீழே பீரோ வைத்திருந்த சுவரில் இறங்கியது. கை வைத்தால் பூச்சு பொரிப் பொரியாக உதிரும். பீரோவைத் திறந்தால் பட்டுப்புடவை மடிப்பிலெல்லாம் பூஞ்சை வாடை. கட்டிக் கொடுத்தவர் இரண்டு முறை ஆள் அனுப்பி சிமெண்ட் பால் ஊற்றினார், நிற்கவில்லை. கடைசியில் நாங்களே பழைய தளத்தைக் கொத்தி எடுத்து, வாட்டம் விட்டு, மேலே தட்டு ஓடு பதித்தோம். அதன்பின் ஒரு சொட்டு இறங்கவில்லை. சித்திரையில் அறைச் சூடும் குறைந்திருக்கிறது.

குடிக்க மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர். தினமும் வராது, வருகிற அன்று பிடித்து வைத்தால்தான் உண்டு. அதனால் இந்தப் பக்கம் வீடு பார்ப்பவர்கள் தரைத்தொட்டியின் மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். எங்களுடையது 5,000 லிட்டர், நான்கு பேருக்குப் போதுகிறது. போர் தண்ணீர் உப்பு. ஷவர் துளைகளில் வெள்ளையாகப் படிவதை மாதம் ஒருமுறை ஊசியால் குத்தி எடுக்கிறேன்.

அப்புறம் மூக்கனேரி. என்னைக் கேட்டால் இந்த வீட்டின் பெரிய வசதி அந்த 58 ஏக்கர் ஏரிதான். சேர்வராயன் மலையில் பெய்கிற மழை ஓடை வழியாக இதில் வந்து சேர்கிறது. 2010-இல் சேலம் மக்கள் குழு இதைச் சீரமைக்க எடுத்துக்கொண்டது. தூர்வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்று காலை நடைக்குப் போனால் அந்த மரங்களில் நீர்க்காகம் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருக்கும். ஏரி நிறைந்த வருடம் எங்கள் போரும் கைவிடுவதில்லை. அதனால்தான் கரையில் கோழிக்கழிவு மூட்டையைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

மற்றதில் பெரிய குறை இல்லை. பழைய பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ் இருக்கிறது. காய்கறிக்கு அஸ்தம்பட்டி உழவர் சந்தை, விடிந்ததும் போனால் நல்லது. சாயங்காலம் தெருமுனையில் தட்டுவடை செட் கிடைக்கும், பிள்ளைகளுக்கு அது போதும். மே மாதக் கோடை விழா சமயத்தில் மட்டும் ஏற்காடு போகிற வண்டிகளால் அஸ்தம்பட்டி, கோரிமேடு பக்கம் நகர முடியாது. அந்த நாட்களில் ரயிலுக்குப் போவதென்றால் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பிவிடுவோம்.

ராத்திரி மாடியில் உட்கார்ந்தால் மலைப்பாதையில் வண்டி விளக்குகள் வளைந்து வளைந்து ஏறுவது தெரியும். மழை வருவதும் முதலில் அங்கேதான் தெரியும். மலை மறைந்துவிட்டால், கொஞ்ச நேரத்தில் எங்கள் தெருவுக்கும் வந்துவிடும். என் மனைவி கொடியில் கிடக்கிற துணியை எடுக்க ஓடுவார். பீரோவை இப்போது யாரும் நகர்த்துவதில்லை.