நடுத்திட்டுச் செடிகள்: கத்தரிப்பதா, மாற்றி நடுவதா?

சென்னைச் சாலைகளின் நடுத்திட்டில் அரளி நடப்படுவதற்குக் காரணம் உண்டு: எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கு கண்ணைக் கூசாமல் அது மறைக்கிறது, வறட்சியைத் தாங்குகிறது, நச்சுச் செடியாதலால் மாடுகளும் அதில் வாய் வைப்பதில்லை. சிக்கல் யூ-டர்ன் இடைவெளிகளில்தான் எழுகிறது. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வடிவமைப்பு விதிகள் ஓட்டுநரின் கண்மட்டத்தை 1.2 மீட்டர் என்று கொள்கின்றன. ஆளுயர அரளிக்குப் பின்னால் காத்திருக்கும் கார்க்காரரோ, வண்டியின் முன்பகுதியை எதிர்த்தடத்தில் நீட்டிய பிறகே வரும் பேருந்தைக் காண்கிறார்.

கத்தரிப்பது மலிவு, பலனும் அன்றே தெரியும். ஆனால் அரளி வெட்ட வெட்டத் துளிர்க்கும் இனம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் அது மீண்டும் தழைத்துவிடும் என்பதால், மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை எனக் குறைந்தது இரண்டு சுற்று வேண்டும். வெட்டிய கிளைகளை அன்றே அள்ளாவிட்டால், ஸ்கூட்டரில் வருபவருக்கு அவையே தடைக்கல்.

குட்டை ரக இட்லிப்பூவை மாற்றி நடுவதற்குத் தொடக்கச் செலவு அதிகம்; வேர் பிடிக்கும்வரை தண்ணீர் லாரியும் தவறாமல் வர வேண்டும், கோடையில் அது எளிதன்று. இருப்பினும், கத்தரிக்க ஆள் வராத மாதங்களிலும் பார்வை மறையாது என்பதால், இடைவெளிகளின் இருபுறமும் மட்டும் இட்லிப்பூவை நட்டு, மற்ற நீளத்தில் அரளியைக் கத்தரித்து வைத்திருப்பதையே நான் பரிந்துரைப்பேன். மாநகராட்சிச் சாலையானால் 1913 என்ற எண்ணில் புகார் அளிக்கலாம். நெடுஞ்சாலைத் துறையின் சாலைக்கு அத்துறையையே அணுக வேண்டும்.